இடிக்கு அஞ்சிய மடிக்கணினி

அத்தியாயம் பதினான்கு

ஒன்பது நாட்களாக லோனப்பன் தம் அக்காள் கொச்சுத்ரேசியாவுடன் பேசுவதில்லை. பேசுவதில்லை என்பதை இருவரும் ஊராரிடம் தனித்தனியே அறிவித்துவிட்டபடியால் அதில் ஐயத்துக்கு இடமில்லை.

காரணம் ஒரு சாலை. ஞாறக்கடவில் மாதாகோயில் முக்கிலிருந்து பம்ப் ஹவுஸ் வரை செல்லும் சாலையை மூன்றடி உயர்த்த வேண்டும் என்று லோனப்பன் நான்கு ஆண்டுகளாக முயன்றுவருகிறார். சாலைக்குழுவின் அமைப்பாளரும் அவரே. அவருடைய வீடு சாலைக்குக் கிழக்கே இருக்கிறது. ஆண்டுதோறும் கோள்வயல் என்னும் தாழ்நில வயல்வெளி நிரம்பும்போது மேற்கிலிருந்து வரும் வெள்ளம் சாலையைக் கடந்து அவருடைய கூடத்தைப் பார்த்துவிட்டுப் போகும். சாலைக்கு மேற்கே ஏழு வீடுகள் உள்ளன, ஏழாவது கொச்சுத்ரேசியாவுடையது. சாலை உயர்ந்தால் வெள்ளம் கிழக்கே வராது. வராத வெள்ளம் எங்கே நிற்கும் என்று முதலில் கேட்டவள் லோனப்பனின் மகள் லின்ஸி. கேட்டதோடு நில்லாமல் அளந்தும் பார்த்துவிட்டாள்.

பொறியியல் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருக்கும் அவள் ஆறு வாரம் வீடு வீடாகச் சென்று தரையின் உயரத்தைக் குறித்து, பைத்தான் மொழியில் நிரல் எழுதி, வார்டு முழுவதையும் முப்பரிமாணப் படமாக்கினாள். சாலையை உயர்த்தினால் வெள்ளம் எந்த வாசலை எப்போது தொடும் என்பதை அந்தப் படம் அசைந்து காட்டும். வார்டில் மொத்தம் நாற்பத்திரண்டு வீடுகள். அவள் படத்தில் நாற்பத்தொன்று. யாரும் எண்ணிப் பார்க்கமாட்டார்கள் என்று அவள் நம்பினாள்.

இன்று மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கிராமசபை. படத்தைப் பார்த்தபிறகே கை தூக்குவது என்று வார்டு மெம்பர் சுலோசனா ஒப்புக்கொண்டிருந்தார். படம் இல்லையேல் மூன்றேகாலுக்குள் கைகள் உயர்ந்துவிடும், சாலையும் உயர்ந்துவிடும்.

துலாமாதமாகிய ஐப்பசியில் இடி பொதுவாகப் பிற்பகலில்தான், லின்ஸி கல்லூரியில் இருக்கும் நேரத்தில்தான், வரும். அன்று உலையில் அரிசி வேகுமுன்பே வந்துவிட்டது.

பத்து நாற்பதுக்கு லின்ஸி கடைசி ஒத்திகைக்காக நிரலை இயக்கினாள். படம் வரவில்லை. திரை நிறையச் சிவப்பு எழுத்தில் நாற்பது வரிகள் வந்தன. அவற்றின் சாரம் ஒன்றே: வரைகலைச் சூழலை உருவாக்க இயலவில்லை.

இத்தகைய படங்களை வரையும் மென்பொருள் தொகுப்பு, வேலையைத் தொடங்குமுன் கணினியிடம் அனுமதி கேட்கும்: இன்ன வரைகலை அட்டையில், இன்ன அளவில், இன்ன முறையில் நான் வரையலாமா என்று. அந்த ஏற்பாட்டுக்குத்தான் சூழல் என்று பெயர். அது அமையாவிட்டால் நிரல் எவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தாலும் பயனில்லை.

நேற்றிரவு வரை அமைந்த சூழல் இன்று ஏன் அமையவில்லை என்று லின்ஸிக்குப் புரியவில்லை. ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன் பிஜோயை அழைத்தாள். அவனுடைய மனைவியின் பிரசவத்துக்காக அம்மா ஆனியும் அங்கேதான் இருந்தாள்.

பிஜோய்க்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். “அழிச்சிட்டுத் திரும்பப் போடு.”

“காரணம் தெரியாம எதுக்குச் சேட்டா அழிக்கணும்?”

“காரணம் தெரிஞ்சா எதுக்கு அழிக்கணும்?”

லின்ஸி தொகுப்பை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினாள். பதினொன்று ஐந்துக்குப் படம் அழகாக வந்தது. பதினொன்று இருபத்தைந்துக்கு மீண்டும் சிவப்பு வரிகள் வந்தன. அட்டைக்கு உரிய இயக்கி மென்பொருளை மாற்றினாள், படம் வந்தது. பன்னிரண்டு பன்னிரண்டுக்கு மறுபடியும் போயிற்று. ஒவ்வொரு மருந்தும் இருபது நிமிடம் மட்டும் வேலை செய்தது. எந்த மருந்தும் வேலை செய்யாமலிருந்தால்கூட அவள் விரைவில் உண்மையைக் கண்டிருப்பாள். நல்ல பழக்கம் ஒன்று அவளிடம் உண்டு. நிரல் தோற்ற நேரங்களைக் குறிப்பேட்டில் வரிசையாக எழுதிவைத்தாள்.

அறைக்கு வெளியே நடையில் லோனப்பன் ரப்பர் செருப்பை அணிந்துகொண்டு போவதும் வருவதுமாக இருந்தார். தொண்ணூற்றாறாம் ஆண்டில், வாங்கி நான்கே நாளான அவருடைய வண்ணத் தொலைக்காட்சி ஒரே மின்னலில் கரிந்துபோயிற்று. அன்று முதல் அவர் வீட்டில் இடிக்கு ஒரு முறைமை உண்டு. முதல் முழக்கம் கேட்டவுடன் தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, மிக்ஸி, இணையப் பெட்டி என்ற வரிசையில் பிளக்குகள் பிடுங்கப்படும். மழை ஓய்ந்தால் அதே வரிசையில் மீண்டும் செருகப்படும். வரிசை மாறியதாக இருபத்தெட்டு ஆண்டுகளில் தகவல் இல்லை.

லின்ஸியின் அறையில் மின்வழி பழுதாகி ஒரு மாதமாயிற்று. ஆகையால் அவள் மடிக்கணினியின் கம்பி, கதவுக்கடியில் நடைக்குப் போய் அங்கிருந்த பிளக் பாயின்ட்டில் முடிந்தது. இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது; லின்ஸி வைத்துக்கொள்ளவில்லை. கம்பியைப் பிடுங்கினாலும் மடிக்கணினி அணைவதில்லை. திரையின் மூலையில் மின்கலத்தின் சின்னம் மட்டும் மாறும். நாற்பது சிவப்பு வரிகள் எதிரே நிற்கும்போது மூலையை யார் பார்ப்பார்கள்?

லோனப்பன் கதவருகே நின்று எட்டிப் பார்த்தார்.

“படம் வரலையா மோளே?”

“வரும்.”

“வரலேன்னா விடு. கம்ப்யூட்டருக்கே இந்த விஷயத்துல இஷ்டமில்லை போல.”

“அப்பச்சா, போயி உங்க பேச்சை எழுதுங்க.”

“எழுதிட்டேன். ரெண்டே வரி. ரோடு வேணும். நன்றி.”

மறுபடி நிறுவ இணையம் வேண்டும். இணையப் பெட்டியோ இடியின் பொருட்டு உறங்கிக்கொண்டிருந்தது. லின்ஸி மடிக்கணினியைப் பையில் இட்டு, குடையை விரித்து, சாலையைக் கடந்து அத்தையின் வீட்டுக்குப் போனாள். திருச்சூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அப்பாவின் உடன்பிறந்தாளை அம்மாயி என்பார்கள்.

கொச்சுத்ரேசியா அம்மாயிக்கு எழுபத்தொரு வயது. பழைய தலைமுறைக் கிறிஸ்தவப் பெண்கள் உடுத்தும் வெள்ளைச் சட்டையும் முண்டும் கஞ்சி விறைப்போடு இருக்கும். சொல் அதைவிட விறைப்பு. மாங்காய் போட்ட மீன்கறியைத் தட்டில் ஊற்றிவிட்டு, தம்பியைப் பற்றிய ஒன்பது நாள் குற்றப்பட்டியலை முதலிலிருந்து ஆரம்பித்தாள். லின்ஸி ஒரு கையால் உண்டுகொண்டே மறுகையால் சுவரில் பிளக்கைச் செருகி நிரலை இயக்கினாள். புதிதாக எதையும் நிறுவுமுன்பே படம் வந்துவிட்டது. அத்தையின் வாசற்படி, கிணறு, கோழிக்கூடு எல்லாம் திரையில் சுழன்றன.

“இங்க வருது,” என்றாள் லின்ஸி, வாயில் சோற்றோடு.

“வராம? உங்க வீட்டு லட்சணத்துக்கு அங்க எது வரும்?”

அப்போது மேற்கே இடி உருண்டது. அடுத்த கணம் அம்மாயியின் கைபேசி அடித்தது. அவள் எடுத்துக் காதில் வைத்தாள். மறுமுனையில் ஒலித்த குரல் லின்ஸிக்கும் தெளிவாகக் கேட்டது.

“சேச்சி. பிளக்.”

“புடுங்கறேன்,” என்று கூறித் தொடர்பைத் துண்டித்த அம்மாயி, எழுந்து தொலைக்காட்சியில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தாள்.

“அது அப்பச்சன் குரல்தானே?”

“ஆமா.”

“பேசறதில்லைன்னு சொன்னீங்க.”

“இது பேச்சா? இது இடி.”

கடைசியாக மடிக்கணினியின் பிளக்கும் பிடுங்கப்பட்டது. திரையில் கோழிக்கூடு பாதிச் சுழற்சியில் நின்றது. பிறகு படமே மறைந்து, நாற்பது சிவப்பு வரிகள் வரிசையாக வந்து நின்றன.

லின்ஸியின் கை தட்டில் அப்படியே நின்றுவிட்டது. எச்சில் படாத கையால் அத்தையின் கைபேசியை வாங்கி, வந்த அழைப்புகளின் பட்டியலைப் பார்த்தாள். லோனப்பன், பத்து முப்பத்தெட்டு. லோனப்பன், பதினொன்று இருபத்துமூன்று. லோனப்பன், பன்னிரண்டு பத்து. பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள். நிரல் தோற்ற நேரங்கள்: பத்து நாற்பது, பதினொன்று இருபத்தைந்து, பன்னிரண்டு பன்னிரண்டு.

ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் வேறுபாடு. அதன் பொருளை உணர லின்ஸிக்குச் சற்று நேரம் பிடித்தது. அப்பச்சன் முதலில் அக்காளை அழைக்கிறார். அதன்பிறகே தம் வீட்டுப் பிளக்குகளைத் தொடுகிறார். பேச்சு நின்றுபோன ஒன்பது நாட்களிலும் இடிதோறும் அழைப்பு வந்திருந்தது என்று பட்டியல் கூறியது.

“என்னடி பாக்கற? மீன் ஆறுது.”

“ஒண்ணுமில்ல அம்மாயி. என்னோட பூதத்தைப் புடிச்சிட்டேன்.”

பிஜோய் இரண்டாவது மணியிலேயே எடுத்தான். ஒப்புக்கொள்ள மட்டும் மூன்று நிமிடம் ஆயிற்று. அந்த மடிக்கணினி முன்பு அவனுடையது. அதில் இரண்டு வரைகலை அட்டைகள் உண்டு. ஒன்று பெரியது, மற்றது சிறியது. மின்சாரத்தை மிச்சப்படுத்த, பிளக் பிடுங்கப்பட்டால் பெரிய அட்டை உறங்கிவிட வேண்டும் என்று இரண்டாண்டுக்கு முன் லினக்ஸில் ஓர் ஆணை எழுதிவைத்தான். எழுதியதை மறந்தும்விட்டான். லின்ஸியோ, படம் விரைவாக வர வேண்டும் என்று, பெரிய அட்டையில் மட்டுமே வரை என்று தன் நிரலின் தலையில் ஒரு வரி சேர்த்திருந்தாள். இரண்டு ஆணைகளும் தனித்தனியே ஒழுங்கானவை. பிளக் பிடுங்கப்படும்போது மட்டும் ஒன்றையொன்று மறுத்தன.

“பிளக்கைப் புடுங்காம இருந்தா ஒரு பிரச்சனையும் இல்லையே,” என்றான் பிஜோய்.

“சேட்டா, நீ எந்த வீட்டுல பொறந்தே?”

ஆணையை எந்தக் கோப்பில் எழுதினோம் என்று பிஜோய் யோசிக்கத் தொடங்கினான்.

மணி இரண்டை நெருங்கியது. அண்ணன் எழுதிய ஆணையைத் தேடி எடுக்க நேரமில்லை. காலையில் இயக்கியை மாற்றிய பிறகு சிறிய அட்டை எப்படி நடந்துகொள்ளும் என்பதும் தெரியாது. லின்ஸி தன் வரியை அழித்தாள். அட்டைகள் இரண்டையும் நம்பாமல், கணினியின் மையச் செயலியே தன் கையால் வரையட்டும் என்று தொகுப்புக்குச் சொன்னாள். பிளக் இல்லாமலே படம் வந்தது. வந்த வேகத்தைத்தான் சொல்ல நா எழவில்லை. நொடிக்கு முப்பது முறை மாறிய படம், இப்போது ஒருமுறை மாறுவதற்கு ஒன்பது நொடி எடுத்துக்கொண்டது.

“இது என்ன, கஞ்சி காய்ச்சற மாதிரி,” என்றாள் அம்மாயி.

பள்ளிக்கூடத்து மண்டபத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். கொச்சுத்ரேசியா முன்வரிசையில், தம்பியின் முகம் நேரே தெரியும் நாற்காலியைத் தேர்ந்தெடுத்து அமர்ந்தாள். படத்தைத் திரையில் விழச்செய்யும் பள்ளியின் படவீழ்த்தியும் லின்ஸியின் மடிக்கணினியும் சுவரில் அடுத்தடுத்த பிளக் பாயின்ட்டுகளில் இணைக்கப்பட்டிருந்தன.

லோனப்பன் இரண்டு வரி என்று சொன்ன பேச்சு இருபதாவது வரியைத் தொட்டபோது இடி இடித்தது. அவர் பேச்சை வாக்கியத்தின் நடுவில், எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையில் நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார், முன்வரிசையைப் பார்த்தார், கைபேசியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு நேராகப் போய்ப் படவீழ்த்தியின் பிளக்கையும் மகளுடைய பிளக்கையும் பிடுங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மண்டபம் சிரித்தது. அது சதி அன்று என்பதை அறியாதவர் அங்கு எவருமில்லை. அவர்கள் வீட்டிலும் அப்பொழுது யாராவது பிடுங்கிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அரை நிமிடத்தில் மின்சாரமே போய்விட்டது.

மெம்பர் சுலோசனா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மின்சாரம் எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை என்றும், படத்தை இன்னொரு நாள் பார்த்துக்கொண்டு தீர்மானத்தை இன்று எடுத்துவிடலாமா என்றும் சபையைக் கேட்டார். பின்வரிசையில் ஏழெட்டுக் கைகள் அவசரப்பட்டன.

லின்ஸி எழுந்தாள். “மெம்பர், கரண்டு வேண்டாம். பாட்டரியில ஓடும். மேசையைச் சுத்தி வந்து நின்னா போதும்.”

“காலையில ஓடலையே?” என்றார் லோனப்பன், உண்மையான வியப்போடு.

“காலையில உங்களை நம்பி ஓட்டினேன் அப்பச்சா.”

மின்கலத்தில் முப்பத்தெட்டு விழுக்காடு இருந்தது. நாற்காலிகள் இழுபட்டன, வாத்தியார் மேசையைச் சுற்றி ஊர் நெருங்கி நின்றது. மூன்றடி உயர்ந்த சாலை திரையில் தோன்றியது. ஒன்பது நொடி கழித்து அதன் மேற்குப் பக்கத்தில் நீலம் ஓர் அங்குலம் ஏறிற்று.

படம் தன் இயல்பான வேகத்தில் ஓடியிருந்தால் சில நொடிகளில் முடிந்திருக்கும். நன்றாயிருந்தது என்று கூறிவிட்டு எல்லோரும் கை தூக்கியிருப்பார்கள். ஒன்பது நொடி என்பது ஒரு வீட்டை அடையாளம் காணப் போதுமான நேரம். முதலில் சங்கரனின் வாழைத்தோட்டம் மூழ்கியது. சங்கரன், போன மாதம்தான் கன்று வைத்தேன் என்றார். பிறகு வறீதின் மாட்டுக்கொட்டகை. பசுவை எங்கே கட்டுவது என்று வறீதின் மனைவி திரையைப் பார்த்தே கேட்டாள். ஒன்பது நொடி. ஒரு வாசல். ஒன்பது நொடி. ஒரு சன்னல். நான்காவது வீட்டுக்குப் பிறகு பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்க்க முன்னே நெருங்கினார்கள். அடுத்த படத்துக்காக அறுபது பேரும் காத்திருந்தார்கள்.

ஏழாவது வீட்டின் முதல் படியில் நீலம் ஏறியது. இரண்டாம் படி. கோழிக்கூடு. லோனப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் அணிந்தார். அடுத்த படத்தில் நீலம் அக்காளின் சன்னற்கம்பியைத் தொட்டு நின்றது.

“அரை நாள்ல வடிஞ்சிடும்னுதானே பஞ்சாயத்துல சொன்னாங்க,” என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

“மூணு நாள்,” என்றாள் லின்ஸி.

எல்லோரும் கொச்சுத்ரேசியாவைப் பார்த்தார்கள். வெற்றி பெற்றவள் அவள். அதைக் கொண்டாட ஒன்பது நாளாகச் சொற்களைச் சேர்த்துவைத்திருந்தாள். ஆனால் அவள் திரையருகே குனிந்து, விரலால் கிழக்குப் பக்கத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“லின்ஸி. உங்க வீடு எங்கடி?”

லின்ஸி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

“மாதாகோயில் இருக்கு. தேவஸ்ஸியோட கடை இருக்கு. நடுவுல வெறும் புல்லு. லோனப்பன் புல்லுலயா படுக்கறான்?”

லின்ஸி அந்த வீட்டை அளக்காமல் இருந்ததில்லை. முதலில் அளந்ததே அதைத்தான். சாலை இப்போதுள்ளபடியே இருந்தால் வெள்ளம் அங்கே எதுவரை ஏறும் என்று கண்டபிறகு, அந்த எண்ணை அவளே கோப்பிலிருந்து நீக்கினாள். அந்த ஓர் எண் அப்பச்சனுக்காக வாதாடிவிடும் என்று அஞ்சினாள். உண்மையைக் காட்டுவதற்காகச் செய்த படத்தில் ஒரு பொய்யை வைத்திருக்கிறோம் என்பது அவளுக்கு அன்று முதலே தெரியும்.

“எடுத்துட்டேன்,” என்றாள்.

லோனப்பன் மகளின் பக்கம் வந்து நின்றார். “போடு,” என்றார்.

“அப்பச்சா?”

“நம்ம வீட்டைப் போடு. ரோட்டை இப்ப இருக்கற மாதிரியே வை. நான் விட்டுக்கொடுத்தா எனக்கு எதுவரைக்கும் வரும்னு ஊரு பாக்கட்டும். நானும் பாக்கறேன்.”

லின்ஸி நீக்கிய எண்ணை மீண்டும் எழுதி, சாலையைப் பழைய உயரத்துக்கு இறக்கினாள். மின்கலத்தில் நான்கு விழுக்காடு மிஞ்சியிருந்தது. கையால் வரையும் செயலி மின்சாரத்தைக் குடித்துத் தீர்த்திருந்தது. நாலு விழுக்காட்டில் பாதிப் படம்கூட வராது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதே தலைக்கு மேல் மின்விசிறி அசைந்தது. மின்சாரம் வந்துவிட்டது.

மின்னலும் வந்தது. சன்னல்கள் வெளுத்தன; பள்ளிக்கூடத்து ஓடுகள் அதிர இடி இடித்தது. அறுபது பேரும் பழக்கத்தால் சுவரைப் பார்த்தார்கள்.

லோனப்பன் தரையில் கிடந்த மகளின் பிளக்கை எடுத்தார்.

“லோனப்பா,” என்றாள் கொச்சுத்ரேசியா. “இடி.”

“கேட்டது சேச்சி,” என்றார் அவர். “இருக்கட்டும்.”

பிளக்கை அவரே சுவரில் செருகினார். அடுத்த இடிக்கு அது அசைந்துவிடாதபடி அதன் தலையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றார். திரையில் வெறும் புல் இருந்த இடத்தில், ஒன்பது நொடி கழித்து, அவர் வீட்டின் சுற்றுச்சுவர் மெல்ல எழுந்தது. அதன் அடியில் நீலம் இருந்தது.